பெருமாள்மலையில் சர்வர், மதுரையில் அதன் நகல்

கேள்வி: கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் மூன்று அறைகளுடன் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். மறைந்த என் கணவர் எடுத்த புகைப்படங்களும் பேரப்பிள்ளைகளின் வீடியோக்களும் சேர்ந்து 300 ஜி.பி.யைத் தாண்டிவிட்டன. கூகுள் தரும் இலவச 15 ஜி.பி. எப்போதோ நிரம்பிவிட்டது. 2017இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. அதை வீட்டுச் சர்வராக மாற்றி, மதுரையில் இருக்கும் மகனும் படங்களைப் பார்க்கும்படி செய்யலாமா? இங்கே மின்சாரம் அடிக்கடி போகிறது, மழைக்காலத்தில் இடியும் அதிகம்.

பதில்: தாராளமாகச் செய்யலாம், அம்மா. அந்த மடிக்கணினியே போதும். சர்வர் என்பது எந்நேரமும் ஓடி, மற்றக் கருவிகளுக்குக் கோப்புகளைத் தரும் கணினிதான்; அந்தப் பெயரில் புதிதாக எதையும் வாங்காதீர்கள். அதில் 8 ஜி.பி. ரேம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குறைவாக இருந்தால் கூட்டிக்கொள்ளலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 1 டி.பி. எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) போடச் சொல்லுங்கள். கூடவே 1 டி.பி. வெளிப்புற ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். பலரும் இந்த இரண்டையும் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவார்கள். நீங்கள் முதலில் வாங்குங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மலையில் சர்வர் வைக்க மடிக்கணினியைவிட நல்ல இயந்திரம் இல்லை என்பது என் அனுபவம். அதன் பேட்டரியே யு.பி.எஸ். ஆகிவிடுகிறது. வேலையில்லாமல் ஓடும்போது 10 முதல் 15 வாட்தான் இழுக்கும். 15 வாட் என்றே வைத்தாலும் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 22 யூனிட்தான் கூடும். ஆனால் இத்தனை பழைய பேட்டரி உப்பியிருக்கக்கூடும். மேசையில் வைத்தால் ஆடுகிறதா, டச்பேட் மேலெழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் மின்சாரத்தில் இணைக்கவே வேண்டாம். பேட்டரியை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. புதிய பேட்டரியும் எந்நேரமும் 100 சதவீதத்தில் நின்றால் சீக்கிரம் கெடும். 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி பல மடிக்கணினிகளில் அமைக்க முடியும்.

வெளிப்புற டிஸ்க் 2.5 அங்குல வகையாக இருக்க வேண்டும். அது யு.எஸ்.பி. வழியாக மடிக்கணினியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் உண்டு. மின்சாரம் போனதும் மடிக்கணினி ஓடிக்கொண்டிருக்கும், டிஸ்க் மட்டும் எழுதும் பாதியில் செத்துப்போகும். அடிக்கடி மின்வெட்டு வரும் ஊரில் கோப்புகள் சிதைவதற்கு இதைவிட நிச்சயமான வழி இல்லை.

இனி ஈரம். உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குகள் பொதுவாக 3,000 மீட்டர் வரை ஓடும்படி செய்யப்பட்டவை, கொடைக்கானல் ஊரே சுமார் 2,100 மீட்டர்தான். குளிரும் சர்வருக்கு நண்பன்தான். மூடுபனிதான் எதிரி. அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஓடிக்கொண்டிருக்கும் கணினி தன் சூட்டாலேயே ஈரத்தை விரட்டிக்கொள்கிறது, அணைத்து அலமாரியில் வைத்த கணினிதான் பூஞ்சை பிடித்து, இணைப்புகளில் களிம்பேறிக் கெடுகிறது. ஆகவே சர்வரை இரவில் அணைத்துவைக்கும் பழக்கம் வேண்டாம். ஜன்னலோரம், மழைச் சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவர், விறகு எரியும் கணப்பின் அருகு ஆகிய மூன்றும் ஆகாது. வீட்டின் உள்சுவரை ஒட்டி, தரையிலிருந்து சற்று உயரத்தில், காற்று போகும் திறந்த தட்டில் வையுங்கள். நகல் எடுத்த டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிவையுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து கணப்பு எரியும் அறைக்குக் கொண்டுவந்தால் டப்பாவை உடனே திறக்காதீர்கள். கண்ணாடி டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல டிஸ்க்கிலும் நீர் படியும். ஒரு மணி நேரமாவது மூடியபடியே இருந்து அறையின் சூட்டுக்கு வரட்டும், பிறகு இணையுங்கள்.

இடி விஷயத்தில் பல வீடுகளில் ஒரு தவறான நிம்மதியைப் பார்க்கிறேன். ‘எங்களுடையது ஃபைபர் இணைப்பு, அதனால் பயமில்லை’ என்பார்கள். ஃபைபர் கண்ணாடி இழை; அது மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் அந்த ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மின்சாரம் சுவரிலிருந்துதானே வருகிறது? கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுத்த ஃபைபரோடு தாங்குவதற்காக எஃகுக் கம்பியும் பல இடங்களில் சேர்ந்தே வரும். மின்னழுத்தப் பாய்ச்சல் ரவுட்டருக்குள் நுழைந்து, அங்கிருந்து லேன் கேபிள் வழியாகக் கணினியைச் சுடும். முதலில் ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டின் எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். பாறை நிலத்தில் எர்த் குழி சரியாக அமைவது கடினம், எர்த் இல்லாவிட்டால் இந்தப் பாய்ச்சலைத் தடுக்க வாங்கும் எவ்வளவு விலை உயர்ந்த சர்ஜ் ப்ரொடெக்டரும் வெறும் பிளக் பாயிண்ட்தான். உங்கள் வீட்டிலிருந்து விருந்தினர் அறைகளுக்குத் திறந்தவெளியில் லேன் கேபிள் போகிறதென்றால் அதை எடுத்துவிட்டு, ஃபைபரோ வைஃபையோ போடுங்கள். அந்தச் செப்புக் கம்பி மின்னலுக்கு நீங்களே கட்டிக்கொடுத்த பாதை. எனக்கே ஓர் ஐப்பசி மாலையில் ஒரு ரவுட்டரும் ஒரு கணினியின் லேன் வாயிலும் சேர்ந்து போயின. வெளியே ஓடியது பதினைந்து மீட்டர்க் கேபிள்தான். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். ஒன்று வாங்கிவிட்டால், மின்வெட்டிலும் சில மணி நேரம் இணையம் தொடரும்.

மென்பொருளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இதுதான் இருப்பதில் எளிய பகுதி. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இயங்குதளம் டெபியன். 1993 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் லினக்ஸ் இது. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படும்படி அமைத்துவிடலாம். மூடியை மூடினாலும் கணினி உறங்காதபடி ஓர் அமைப்பை மாற்ற வேண்டும். படங்களைச் சேர்த்துவைத்துப் பார்க்க இம்மிச் என்ற கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமை தரும் மென்பொருள். செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரில் அது ஓடும், போனில் அதன் செயலியைப் போட்டால் படங்கள் தாமாக ஏறும், முகங்களை அடையாளம் காணும் வேலையும் உங்கள் கணினியிலேயே நடக்கும். உங்கள் பேரப்பிள்ளைகளின் முகம் வேறு எவருடைய கணினிக்கும் போக வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருளை நான் இத்தனை வருடமாகப் பற்றி நிற்பதற்கு இதுவே முதல் காரணம். இம்மிச்சைப் புதுப்பிக்கும்போது மட்டும் வெளியீட்டுக் குறிப்பைப் படித்துவிட்டுச் செய்யுங்கள், தானாகப் புதுப்பிக்க விடாதீர்கள். லினக்ஸை அடிப்படையிலிருந்து தமிழிலேயே கற்க விரும்பினால் 2012 முதல் வரும் ‘கணியம்’ இதழின் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

மதுரையிலிருந்து மகன் பார்ப்பதற்கு, வெளியிலிருந்து நேரே சர்வருக்கு வர ரவுட்டரில் வாசலை (போர்ட்) திறந்துவிடச் சொல்லும் வழிகாட்டிகளைப் பின்பற்ற வேண்டாம். முதலாவது, அது உலகம் முழுவதற்கும் திறந்த வாசல். திறந்த சில நிமிடங்களிலேயே தானியங்கி நிரல்கள் வந்து தட்டத் தொடங்கும். இரண்டாவது, உங்கள் இணைப்பில் அது வேலை செய்யாமலே போகலாம். பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது இணைய முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. ரவுட்டரின் பக்கத்தில் காட்டும் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் உங்கள் வீடும் அப்படித்தான். வயர்கார்டு என்ற மறையாக்கச் சுரங்கப்பாதையை (நடுவில் யாரும் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டி அனுப்பும் இணைப்பு) அடிப்படையாகக் கொண்ட டெயில்ஸ்கேல் என்ற சேவை இந்தத் தடையைத் தாண்டும். சர்வரிலும் மகனின் போனிலும் நிறுவி, ஒரே கணக்கில் சேர்த்தால் போதும். உங்கள் கருவிகளை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தும் அதன் ஒருங்கிணைப்புச் சர்வர் கட்டற்றது அல்ல; அதுவும் உங்கள் கையில் இருக்க வேண்டுமென்றால் நாமே நடத்தக்கூடிய கட்டற்ற மாற்றான ஹெட்ஸ்கேல் உண்டு, ஆனால் முதல் வருடத்தில் அந்தச் சுமை உங்களுக்குத் தேவையில்லை.

வீட்டுக்குள் இருக்கும்போது, வீட்டு வலைக்குள் சர்வருக்கு உள்ள முகவரியிலேயே அதைத் திறக்கப் பழகுங்கள்; இணையம் போனாலும் அது திறக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மரங்கள் விழுந்து, மலைச்சாலையும் மின்சாரமும் துண்டிக்கப்பட்ட நாள்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கோ இருக்கும் மேகத்தில் (கிளவுட்) வைத்ததெல்லாம் அன்று கைக்கு எட்டவில்லை. இன்வெர்ட்டரில் ஒரு மணி நேரம் ஓடவிட்ட என் வீட்டுக் கணினியிலிருந்த மருத்துவக் காகிதங்களும் கணக்குகளும் மட்டும் கிடைத்தன.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். விருந்தினர்களுக்குத் தரும் வைஃபையில் சர்வர் இருக்கக் கூடாது. பெரும்பாலான ரவுட்டர்களில் விருந்தினர் வலை என்று தனியாக அமைக்கலாம், அதன் கடவுச்சொல்லை மட்டும் அறைகளில் எழுதிவையுங்கள். அவர்களின் ஆதார் நகல்களைப் படங்களோடு சேர்த்து வைக்காதீர்கள். மறையாக்கம் செய்த தனிக் கோப்புறையில் வைத்து, சட்டப்படி தேவைப்படும் காலம் முடிந்ததும் அழித்துவிடுங்கள். நம்மை நம்பிக் கொடுத்த காகிதங்கள் அவை.

இப்போது அந்த இரண்டு டிஸ்க்குகள். சர்வரில் இருப்பது ஒரு பிரதிதான். மின்னலோ திருட்டோ கை தவறி அழித்த ஒரு கட்டளையோ வந்தால் அது போய்விடும், அதே வீட்டில் இருக்கும் இரண்டாவது பிரதியும் கூடவே போகலாம். ரெஸ்டிக் என்ற கட்டற்ற மென்பொருளால் வாரம் ஒருமுறை முதல் டிஸ்க்கில் நகல் எடுங்கள். படங்கள் மட்டும் போதாது. ஆல்பங்கள், பெயர்கள், தேதிகள் எல்லாம் இம்மிச்சின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதன் நகலை இம்மிச் தினமும் தானே எடுத்துவைக்கும் கோப்புறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகன் ஊருக்கு வரும்போது முதல் டிஸ்க்கைக் கொடுத்தனுப்புங்கள், இரண்டாவது இங்கே வேலையைத் தொடரட்டும். அடுத்த முறை அவர் வரும்போது இரண்டும் இடம் மாறட்டும். மலையில் ஒன்று, வைகைக் கரையில் ஒன்று என எப்போதும் இருக்கும். ரெஸ்டிக் எல்லாவற்றையும் மறையாக்கம் செய்வதால் பஸ்ஸில் டிஸ்க் தொலைந்தாலும் யாராலும் படிக்க முடியாது. அதே காரணத்தால் கடவுச்சொல் தொலைந்தால் உங்களாலும் முடியாது. அதைத் தாளில் எழுதி, இங்கே ஒன்றும் மதுரையில் ஒன்றுமாக வையுங்கள்.

முதல் டிஸ்க் மதுரை போய்ச் சேர்ந்ததும், மகனைத் தன் கணினியில் உங்கள் கணவர் எடுத்த படங்களில் பத்தை அதிலிருந்து மீட்டெடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பத்தும் திறந்ததாக அவர் போன் செய்த பிறகு, கூகுளிலும் உங்கள் போனிலும் இருப்பவற்றை நீக்கலாம். அதுவரை ஒரு படத்தையும் அழிக்காதீர்கள்.