தமிழ் போஸ்டரில் மேல்வரியும் கீழ்வரியும் இடித்துக்கொள்வது ஏன்?

வரி இடைவெளி என்பது ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து (எழுத்துகள் உட்காரும் கற்பனைக் கோடு) அடுத்த வரியின் அடிக்கோடு வரை உள்ள தூரம். டிசைன் படிக்கும் மாணவர்கள் முதல் போஸ்டரில் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

இல்லஸ்ட்ரேட்டர் என்ற டிசைன் மென்பொருள் தானாக வைக்கும் வரி இடைவெளி எழுத்தளவில் 120 சதவீதம். அதாவது 50 பாயின்ட் (எழுத்தை அளக்கும் அலகு) எழுத்துக்கு 60 பாயின்ட். ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் பாதி மேலும் ஏறாது, கீழும் இறங்காது. அதனால் அங்கே அது போதும். தமிழில் 'புதுச்சேரி' என்று எழுதிப் பாருங்கள். பு, து இரண்டும் கீழே கால் நீட்டும். ச் தலையில் புள்ளி, ரி தலையில் மேல்விலங்கு, அதாவது இகரத்தைக் காட்டும் வளைவு. அதற்கு நேர் கீழே 'விழா' என்று வைத்தால், நெருக்கமான இடைவெளியில் பு-வின் கால் வி-யின் விலங்கில் போய் உரசும்.

மாடியில் துணி காயப்போட மேலும் கீழுமாகக் கொடி கட்டுவது மாதிரிதான் இது. கைக்குட்டைக்கு நெருக்கமான கொடி போதும், வேட்டிக்குப் போதாது.

புதுச்சேரியில் பிரெஞ்சும் தமிழும் சேர்ந்த நீலத் தெருப்பலகை முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். 'வீதி' என்ற சொல்லில் இரண்டு எழுத்துமே தலைக்கு மேல் இடம் கேட்பது தெரியும். நான் 140 சதவீதத்தில் தொடங்கி, ஃபான்டைப் பார்த்துக் கூட்டுவேன்.

எழுத்தைச் சிறிதாக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தானியங்கி இடைவெளியும் கூடவே சுருங்குவதால் உரசல் அப்படியேதான் இருக்கும்.