பிள்ளைக்குத்தானே சிகிச்சை, வீட்டில் எல்லோரும் எதற்கு?

ஆந்திராவின் சித்தூர், நகரி, குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கேட்டவற்றுக்குக் குடும்ப ஆலோசகர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: பையனுக்கு 11 வயது. பள்ளி என்றாலே காலையில் வயிற்றுவலி. ஆலோசகர் என் அம்மாவையும் அழைத்து வரச் சொல்கிறார். அவனுக்குத்தானே பிரச்சினை? (நகரி, தறி வைத்திருப்பவர்)

பதில்: முதலில் டாக்டரிடம் வயிற்றைக் காட்டிவிடுங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால் உங்கள் வீட்டுக் காலை வேளையை நினைத்துப் பாருங்கள். அவன் வயிற்றைப் பிடித்ததும் நீங்கள் அதட்டுவீர்கள். பாட்டி, "இன்னிக்கு ஒரு நாள் விடுடா" என்பார். உங்கள் மனைவி இருவருக்கும் நடுவில் நிற்பார். அதற்குள் வேன் போய்விடும், வலியும் போய்விடும். அவன் நடிக்கவில்லை; பயம் உண்மையாகவே வயிற்றில் வலிக்கும். ஆனால் வீட்டிலேயே இருந்து பயத்தைத் தணித்துக்கொண்டால் மறுநாள் அது இன்னும் கூடும். வாரம் ஒரு மணி நேரம்தான் ஆலோசகர் அவனோடு இருப்பார். தினமும் காலை எட்டு மணிக்கு இருப்பது நீங்கள் மூவரும்தான். மூவரும் அவனிடம் ஒரே பேச்சைப் பேச வேண்டும். பாட்டி இல்லாமல் அதை எப்படி முடிவு செய்வது? அப்புறம், வகுப்பில் அவன் பேசும் தெலுங்கை யாராவது கேலி செய்கிறார்களா என்றும் மெதுவாகக் கேளுங்கள்.

கேள்வி: கணவர் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார். வர நேரமில்லை. (குப்பம்)

பதில்: ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைக்குமா, வீடியோ காலில் பேசலாமா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் உங்களோடு தொடங்கலாம்.

கேள்வி: குடும்பமே சேர்ந்து ஆலோசகரிடம் போவது வெளிநாட்டுப் பழக்கம் இல்லையா?

பதில்: அமெரிக்காவில் சால்வடோர் மினுச்சின் என்ற மனநல மருத்துவர் போன்றவர்கள் இதை ஒரு முறையாக வளர்த்தது உண்மைதான். ஆனால் 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்க வைத்தார். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் வேலூர் சிஎம்சியின் மனநல மையத்திலும் உறவினர் கூடவே தங்கும் வழக்கம் உண்டு.

கேள்வி: சின்னவளையும் கூட்டிப் போக வேண்டுமா?

பதில்: கட்டாயம். ஒரு வீட்டில் ஆறு வயதுத் தங்கைதான் சொன்னாள்: "அண்ணன் அழுதா அப்பா, அம்மா சண்டையை நிறுத்திடுவாங்க." பெரியவர்கள் மூன்று வாரம் பேசியும் அது வெளியே வரவில்லை.

கேள்வி: கணவர் மகளை அடிப்பார். அவர் எதிரில் அவள் வாயே திறக்க மாட்டாள்.

பதில்: அப்படியென்றால் இப்போது சேர்ந்து உட்காரவே வேண்டாம் அம்மா. அங்கே அவள் பேசியதற்கு வீட்டில் அடி விழலாம். ஆலோசகரிடம் முன்னதாகவே, தனியாக, இதைச் சொல்லுங்கள். ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். உங்கள் மனதுக்கு ஆறுதல் வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ், எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.