கூடாரம் கேள்வி - பதில்: மேலே கூரை, கீழே தரை

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதி, டிசம்பர் விடுமுறைக்கு மலையேறிக் கூடாரத்தில் தங்கப் போகிறவர்களுடையவை. மின்சாரம், குழாய்த் தண்ணீர், கழிப்பறை எதுவும் இல்லாத இடங்களைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: போன வருடம் கொடைக்கானல் பக்கம் ஒரு தோட்டத்தில் கூடாரம் போட்டோம். விலையுயர்ந்த கூடாரம்தான். ஆளுக்கு இரண்டு கம்பளி போர்த்தியும் விடிய விடிய நடுங்கினோம். இந்த முறை இன்னும் கனமான கம்பளி வாங்கலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: கம்பளி வாங்காதீர்கள், பாய் வாங்குங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். டிசம்பர் இரவில் காரைக்குடியில் 21, 22 டிகிரி என்றால், 2,100 மீட்டர் உயரத்தில் அது 8, 9 டிகிரி. நம் ஊரில் மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வையோடு படுப்பவருக்கு இது வேறு உலகம். ஆனாலும் இரண்டு கம்பளிக்கு அடங்காத குளிர் இல்லை. உங்களை நடுங்க வைத்தது காற்று அல்ல, தரை.

குளிரைத் தடுப்பது கம்பளியோ பஞ்சோ அல்ல, அவற்றுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்று. மேலே போர்த்தியது உப்பலாக நிற்கும். கீழே விரித்ததோ உங்கள் எடையில் நசுங்கி, காற்றெல்லாம் வெளியேறி, அப்பளம் போல ஆகிவிடும். அதன் வழியாக உடம்புச் சூட்டை ஈர மண் இரவு முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை போர்த்தினாலும் முதுகும் இடுப்பும் சில்லென்றே இருப்பது இதனால்தான்.

கீழே போடுவது நசுங்காததாக இருக்க வேண்டும். யோகா பாய் என்று விற்கிறார்களே, தண்ணீரை உறிஞ்சாத அந்த ஃபோம் பாயில் 6 மில்லிமீட்டர் கனமுள்ளதை ஆளுக்கு இரண்டு அடுக்குங்கள். 10 மில்லிமீட்டரில் கிடைத்தால் ஒன்றே ஓரளவு போதும். கட்டிலுக்கு வாங்கும் ஸ்பாஞ்ச் வேண்டாம், அது நசுங்கும், ஈரத்தையும் குடிக்கும். கையில் காசு குறைவென்றால் மளிகைக் கடையில் அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கிப் பிரித்து, மூன்று அடுக்காக ஃபோம் பாய்க்குக் கீழே போடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும். கோரைப்பாய் ஈரம் படாமல் காக்கும், குளிரை அவ்வளவாகத் தடுக்காது. காற்றடித்த பெரிய மெத்தை எல்லாவற்றையும்விட மோசம். உள்ளே இருக்கும் காற்று சுழன்று சுழன்று உங்கள் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பகலில் உடுத்திய துணியோடு படுக்கக் கூடாது. வியர்வை காயாத பருத்தி உடம்போடு ஒட்டிக் குளிரை இழுக்கும். படுப்பதற்கென்று ஒரு ஜோடி உலர்ந்த துணி, காலுறை, குரங்குக் குல்லா ஆகியவற்றைத் தனிப் பையில் வையுங்கள், பகலில் அதைத் தொடாதீர்கள். எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, மூடியை இறுக்கி, துண்டில் சுற்றிக் காலடியில் வைத்தால் தூக்கம் வரும் வரை சூடு நிற்கும்.

இடமும் முக்கியம். குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்துக்கு வழியும். ஓடையோரத்துச் சமதரை கண்ணுக்கு அழகு, இரவில் அதுதான் அந்தத் தோட்டத்திலேயே குளிரான இடம். பத்தடி மேலே ஏறினால் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: மழையே இல்லை. ஆனாலும் காலையில் கூடாரத்தின் உள்பக்கமெல்லாம் ஈரம். ஒழுகும் கூடாரத்தை விற்றுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். கடையில் மாற்றித்தர மறுக்கிறார்கள். (வாசகர், தேவகோட்டை)

பதில்: கடைக்காரர் மேல் தப்பு இருக்காது. அது உங்கள் மூச்சு. தூங்கும்போது ஒருவர் மூச்சிலும் தோலிலுமாகக் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணீரை வெளிவிடுகிறார். மூன்று பேர் என்றால் முக்கால் லிட்டர். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் கதவையும் இறுக மூடினால் அது வேறெங்கே போகும்? குளிர்ந்த துணியில் முத்து முத்தாகப் படியும்.

ஒழுகலா, மூச்சு ஈரமா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. துணி முழுக்கச் சீராக, மெல்லிய பனித்துளியாக இருந்தால் மூச்சு ஈரம். தையல் ஓரமாகக் கோடு போல வந்திருந்தால் ஒழுகல். மேலே உள்ள காற்றுத் துவாரத்தைக் குளிரிலும் திறந்தே வையுங்கள். மழைக்காகக் கூடாரத்தின் மேல் போடும் மேல்விரிப்பு உள்துணியோடு ஒட்டாதபடி கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி வேண்டும். நனைந்தால் நைலான் துணி தொய்யும். ஆகவே படுக்கப் போகுமுன் ஒரு சுற்று வந்து எல்லாக் கயிற்றையும் மறுபடி இறுக்குங்கள்.

தரை நனைந்திருந்தால் மட்டும் வேறு சந்தேகம். கூடாரத்துக்கு அடியில் தார்ப்பாய் விரித்தீர்களா? அது கூடாரத்தைவிடப் பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்ததா? அப்படியென்றால் மேலிருந்து வழியும் நீரை ஏந்திப் பிடித்து உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுபோய்த் தேக்கியது அந்தத் தார்ப்பாய்தான். விளிம்பைக் கீழ்ப்புறமாக மடித்து, நாலு பக்கமும் கூடாரத் தரையைவிட மூன்று விரற்கடை உள்ளடங்கியிருக்கும்படி செய்யுங்கள்.

கேள்வி: செம்புறாம்பாறை மண்ணில் பழகிப் பார்த்தோம். முளைக்குச்சி வளைந்ததுதான் மிச்சம். மலையிலும் இப்படித்தானா? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: மலையில் மேல்மண் மெத்தென்று இருக்கும், ஒரு சாணுக்குக் கீழே வேரும் கல்லும் தடுக்கும். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒரு சாண் நீளமுள்ள, கோண வடிவில் மடித்த அலுமினிய முளை 12 எடுத்துப்போங்கள். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்க வேண்டும், கயிறு அதற்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். பலர் நேர்மாறாக, கூடாரத்தை நோக்கிச் சாய்த்து அடிக்கிறார்கள். முதல் காற்றிலேயே அது பல் பிடுங்கினாற்போல வந்துவிடும். முளை இறங்காத இடத்தில் கயிற்றைத் தேங்காய் அளவுக் கல்லில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் பெரிய கல்லை ஏற்றுங்கள். பழகிப் பார்க்க வளவு முற்றத்தைவிடக் கண்மாய்க் கரை நல்லது.

கேள்வி: பணம் கட்டித் தோட்டத்தில் தங்குவானேன்? பிரான்மலை மாதிரி பக்கத்து மலையில் நாங்களே கூடாரம் போட்டால் என்ன? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: பாரி ஆண்ட பறம்புமலை என்பதற்காகச் சட்டம் வள்ளல்தனம் காட்டாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கூடாரமும் தீயும் அதற்கு மேல். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. அனுமதியோடு நடந்து பார்க்க 2024-இல் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் உண்டு. இரவு தங்குவதற்குப் பட்டா நிலத்தில் உரிய அனுமதியோடு நடத்தப்படும் முகாம்தான் வழி. பதிவு செய்யும்போதே அனுமதிச் சீட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். கொடைக்கானலுக்கு வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம்.

யானை நடமாட்டம் உள்ள மலையா என்றும் கேளுங்கள். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். யானை வரும் வழி என்று உள்ளூர்க்காரர் சொன்னால் வாதாடாமல் மூட்டையைக் கட்டுங்கள்.

கேள்வி: நான்கு பேர், இரண்டு இரவு. எத்தனை கேஸ், எவ்வளவு தண்ணீர்? மழை வந்தால் கூடாரத்துக்குள் அடுப்பு வைக்கலாமா? (வாசகி, புதுவயல்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: கூடாது. கேஸ் அடுப்பும் கூடாது, குளிர்காயக் கரி அடுப்பும் கூடாது. மூடிய இடத்தில் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை கனக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். அணைந்தாற்போல் தெரியும் கரியும் இதைத்தான் செய்யும்.

தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். இரண்டு 20 லிட்டர் கேன் எடுத்துப்போனால் மிச்சம் கொஞ்சம் இருக்கும். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் துணியில் வடிகட்டிக் கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிடம்.

230 கிராம் கேஸ் டப்பா ஒன்று, முழுத் தீயில் ஒன்றரை மணி நேரம் எரியும். நான்கு பேருக்கு மூன்று டப்பா போதும். ஆனால் பத்து டிகிரிக்குக் கீழே உள்ளிருக்கும் பியூட்டேன் வாயு சோம்பிவிடும், டப்பாவில் பாதி இருந்தும் தீ மினுக்கென்று எரியும். மறுநாள் காலைக்கான டப்பாவை இரவில் கம்பளிக்குள் சுற்றி வையுங்கள். காற்றை மறைக்கிறேன் என்று டப்பாவையும் சேர்த்துத் தகரத்தால் மூடாதீர்கள், சூடேறி வெடிக்கும்.

அரிசி வேகவில்லை என்று புலம்பாமலிருக்கக் குக்கர் வேண்டும். 2,100 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு மசியவே மசியாது. முதல் நாளுக்குப் புளியோதரையைக் கட்டிக்கொண்டு போவதே புத்திசாலித்தனம்.

கேள்வி: என்னென்ன பலகாரம் கொண்டுபோகலாம்? (வாசகி, கோட்டையூர்)

பதில்: சீப்புச் சீடை, தேன்குழல், மாவுருண்டை, இட்லிப்பொடி எல்லாம் தாராளமாக. கருவாடு மட்டும் வேண்டாம். ஆச்சிமார் கொடுத்தனுப்பும் தூக்குகளைக் கூடாரத்துக்குள் வைத்துப் படுக்காதீர்கள், வண்டிக்குள் பூட்டுங்கள். காட்டுப்பன்றிக்கு ஜிப் திறக்கத் தெரியாது, கிழிக்கத் தெரியும். எலியும் அப்படித்தான். கழுவாத தட்டும் உணவு என்றே கணக்கு.

கேள்வி: கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் என்ன செய்வது? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: ஒரு களைக்கொத்து, ஒரு டார்ச், மறைப்புக்குப் பழைய சேலை ஒன்று, நாலு முழம் கயிறு. ஓடையிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் 80 எட்டுத் தள்ளி, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் குழி. இதைவிட ஆழம் வேண்டாம், மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மேல்மண்ணில்தான் அதிகம். வேலை முடிந்ததும் எடுத்த மண்ணையே போட்டு மூடி மிதித்துவிடுங்கள். நாப்கினும் ஈரத்தாளும் புதைக்கக் கூடாது, பன்றி கிளறிவிடும். இரட்டைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே இடம் பார்த்துக் குழி வெட்டி வைப்பது பாதிக் கவலையைத் தீர்க்கும்.

கேள்வி: அப்பத்தாவுக்கு 68 வயது. தானும் வருவேன் என்கிறார். (வாசகர், திருப்பத்தூர்)

பதில்: கூட்டிப் போங்கள். தாழ்ந்த கூடாரத்தில் குனிந்து நுழைவதும் தரையிலிருந்து எழுவதும்தான் அவருக்குச் சிரமம். நின்று நுழையும் உயரமுள்ள கூடாரம், மடக்குக் கட்டில், எழப் பிடித்துக்கொள்ள நாற்காலி வேண்டும். கட்டிலில் படுத்தால் தரைக் குளிர் தீண்டாது என்று எண்ண வேண்டாம், அடியில் ஓடும் காற்று இன்னும் குளிர். ஃபோம் பாயைக் கட்டிலின் மேல் விரியுங்கள். மாத்திரைகளை அவர் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். இரவில் வெளியே போனால் மூடிய செருப்பு, டார்ச், கூட ஒரு ஆள். கட்டுவிரியன் இரவில்தான் திரியும், தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். ஆகவே உள்ளே வந்ததும் ஜிப்பைக் கடைசிப் பல் வரை இழுத்து மூட வேண்டும். கடித்தால் கட்டுவதோ கீறுவதோ வேண்டாம். அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மலையிலிருந்து வந்து பத்து நாள் கழித்து மகனுக்குக் காய்ச்சல். பாராசிட்டமாலுக்கு இறங்கவில்லை. சம்பந்தம் இருக்குமா? (வாசகி, பொன்னமராவதி)

பதில்: இதைப் படித்ததும் மருத்துவரிடம் போங்கள், கூடாரத்தில் தங்கியதையும் மறக்காமல் சொல்லுங்கள். புதர்ப் புல்லில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பூச்சி கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் வரலாம். கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு நாடா இறுக்கும் இடம் ஆகியவற்றில் சிகரெட்டால் சுட்டது போலக் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காது, அதனால் தேடாமல் தெரியாது. அது இல்லையென்றாலும் இந்தக் காய்ச்சல் இல்லை என்று ஆகிவிடாது. டாக்ஸிசைக்ளின் என்ற மருந்துக்குக் கட்டுப்படும், தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். அடுத்த முறை போகும்போது புல்லில் வெறுமனே உட்காரவோ, துணி காயப்போடவோ வேண்டாம்.

கேள்வி: பரணில் வைத்திருந்த கூடாரம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, நாறுகிறது. துவைக்கலாமா? (வாசகர், குன்றக்குடி)

பதில்: ஈரத்தோடு மடித்திருக்கிறீர்கள். உள்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் ஈரத்திலும் வெக்கையிலும் சிதைந்துவிட்டது. விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடுகு போல உதிர்கிறதென்றால் துவைத்துப் பயனில்லை, மழைக்கு அது இனி உதவாது. பொடுகு இல்லாமல் நாற்றம் மட்டும் என்றால் வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் குளியல் சோப்புக் கரைத்து, ஸ்பாஞ்சால் துடைத்து, நிழலில் கொடியில் போடுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் தையல் நாடா உரிந்துவிடும், மொட்டைமாடி வெயில் நைலானை நைத்துவிடும். புதுக் கூடாரம் வாங்கினால் ஊர் திரும்பிய அன்றே முற்றத்தில் விரித்துக் காயவிட்டு, தைத்த மூலைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பழைய பருத்திப் பையில் தளர்வாகத் திணியுங்கள். பரணில் வேண்டாம். ஓட்டுக்கடியில் சித்திரை மாதம் இருக்கும் சூட்டுக்குப் பீரோவின் கீழ்த்தட்டு எவ்வளவோ மேல்.