சிப்பிக்குள் பாசி விஷம்: வாசகர் கேள்வி – பதில்

நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டால் சிப்பியில் எந்த விஷமும் நிற்காது என்கிறார்கள். சரிதானா? – வாசகி, குளச்சல்

கிருமிக்குச் சரி, பாசி விஷத்துக்குச் சரியில்லை. சில நுண்பாசிகள் உண்டாக்கும் சாக்சிடாக்சின் கொதிநீரில் அழிவதில்லை. கொஞ்சம் சாற்றில் இறங்கும், அவ்வளவுதான். எவ்வளவு இறங்கியது, சதையில் எவ்வளவு மிஞ்சியது என்று அடுப்படியில் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சாற்றையே சூப்பாகக் குடிப்பவருக்கு ஆபத்து கூடுதல். ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. புளி, எலுமிச்சை ஊற்றினாலும் முறியாது. இந்த விஷம் கலையாமல் நிற்பதே அமிலத்தில்தான்.

1981-ல் கல்பாக்கத்தை ஒட்டிய வயலூரில் மட்டி சாப்பிட்ட 3 பேர் இறந்தார்கள், 85 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 1997 செப்டம்பரில் உங்களுக்குப் பக்கத்து விழிஞ்சத்தில் சிப்பி சாப்பிட்டு 7 பேர் இறந்தார்கள். சமைக்காமல் தின்றதால் வந்ததல்ல இதெல்லாம்.

சாப்பிட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு, நாக்கு, விரல்நுனி மதமதத்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முறிமருந்து கிடையாது. மூச்சுத் தசை செயலிழந்தால் வென்டிலேட்டர்தான் காப்பாற்றும். அது உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். மீதிச் சிப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கடல் நிறம் மாறினால் சிப்பி எடுக்காமல் இருந்தால் போதாதா? – வாசகர், மண்டபம்

போதாது. 2019-ல் உங்கள் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியது நினைவிருக்கும். மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் அந்த நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர், சிப்பி விஷம் எதையும் உண்டாக்குவதில்லை. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துதான் மீன் செத்தது. சாக்சிடாக்சினை உண்டாக்கும் அலெக்சாண்ட்ரியம் போன்ற நுண்பாசிகளோ லிட்டருக்குச் சில நூறு செல் இருந்தாலே சிப்பியில் விஷம் ஏறிவிடலாம். அப்போது தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். சிப்பி மணிக்குப் பல லிட்டர் நீரை வடிகட்டித் தின்னும் பிராணி. நம் கண்ணுக்குத் தெரியாததை அது சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதன் உடம்புக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதால், பார்த்தோ முகர்ந்தோ சொல்ல முடியாது.

அப்படியானால் வளர்ப்பிடங்களில் எப்படித்தான் கண்காணிக்கிறார்கள்? – மீன்வளப் படிப்பு மாணவர், தூத்துக்குடி

தண்ணீரையும் பார்ப்பார்கள், சதையையும் பார்ப்பார்கள். தண்ணீர் முன்னெச்சரிக்கை, தீர்ப்பு சதையில்தான்.

தண்ணீர் எடுப்பதில்தான் முதல் கோளாறு நடக்கும். மேல்மட்டத்தில் ஒரு வாளி மொண்டு வந்தால் பயனில்லை. ஒக்கடாயிக் அமிலம் என்ற விஷத்தை உண்டாக்கும் டைனோபைசிஸ் பாசி சில மீட்டர் ஆழத்தில் மெல்லிய அடுக்காக நிற்கும் பழக்கம் உடையது, வாளிக்குச் சிக்காது. நுனியில் எடை கட்டிய குழாயை நேராக இறக்கி, மேல்முனையை அடைத்துத் தூக்கினால் மேலிருந்து கீழ்வரை உள்ள நீர் மொத்தமும் வரும். உடனே, செல் கெடாமல் காக்கும் லூகால் அயோடின் கரைசலைச் சொட்டுவிட வேண்டும். நிறம் பால் ஊற்றாத இளந்தேநீர் போல இருக்கட்டும். அதிகமானால் பாசிச் செல் கறுத்துப்போய் அதன் மேலோட்டுத் தகடுகள் தெரியாது, இனம் பிரிக்க முடியாது. வெயிலில் வைத்தால் அயோடின் வெளுத்து மாதிரி கெட்டுவிடும்.

பிறகு 25 மில்லியைக் கண்ணாடி அடியுள்ள குழலில் ஓர் இரவு படியவிட்டு, லென்ஸ் கீழே உள்ள நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். ஒரே ஒரு அலெக்சாண்ட்ரியம் கண்ணில் பட்டாலும் கணக்கு லிட்டருக்கு 40 ஆகிவிடும். ஸ்காட்லாந்தில் உஷார் எல்லையே அந்த 40-தான். டைனோபைசிஸுக்கு 100, டோமோயிக் அமிலம் என்ற விஷத்தை உண்டாக்கும் சூடோநிட்சியா பாசிக்கு 50,000. இந்த எல்லை தொட்டால் சதைப் பரிசோதனையை நெருக்குவார்கள்.

சதைப் பரிசோதனைக்கு, சிப்பி வளரும் கயிற்றின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் சிப்பி எடுக்க வேண்டும். ஓட்டை வெளியே நல்ல தண்ணீரில் கழுவி, மூடுதசையை அறுத்துத் திறந்து, உள்ளே மணல் போக அலசி, சல்லடையில் 5 நிமிடம் வடியவிடுங்கள். திறப்பதற்காகச் சூடு காட்டக் கூடாது. விஷம் நீரோடு ஓடிவிடும். குறைந்தது 10 சிப்பியாவது வேண்டும், எடை 100 முதல் 150 கிராம். ஒன்றிரண்டை மட்டும் அரைத்தால் முடிவு குருட்டாம்போக்காகிவிடும், ஏனென்றால் பக்கத்துப் பக்கத்துச் சிப்பியிலேயே விஷ அளவு வேறுபடும்.

சாக்சிடாக்சினுக்குக் கிலோவுக்கு 800 மைக்ரோகிராம் எல்லை. நம் உணவுப் பாதுகாப்பு விதியில் அதையே 100 கிராமுக்கு 80 என்று எழுதியிருக்கிறார்கள். டோமோயிக் அமிலத்துக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒக்கடாயிக் அமிலத்துக்கு 160 மைக்ரோகிராம். மில்லியையும் மைக்ரோவையும் மாற்றி எழுதித் தொலைப்பது அறிக்கைகளில் சகஜம், கவனம்.

சுண்டெலிக்கு ஊசி போடும் சோதனை இன்னுமா இருக்கிறது? – அதே மாணவர்

பல நாடுகள் விட்டுவிட்டன, ஆனால் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அரைத்த சதை 100 கிராமில் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லி கலந்து 5 நிமிடம் மெல்லக் கொதிக்கவைத்து, ஆறியபின் பிஎச் 2-க்கும் 4-க்கும் இடையில் நிறுத்துவார்கள். 4.5-ஐத் தாண்டினால் விஷம் சிதைந்து, கெட்ட சிப்பி நல்ல சிப்பியாகத் தெரியும். கரைசலில் 1 மில்லியைச் சுமார் 20 கிராம் சுண்டெலிக்குச் செலுத்தி, சாகும் நேரத்தை வைத்து அளவு கணிப்பார்கள். எல்லையில் ஏறத்தாழப் பாதிக்குக் கீழே இதற்குத் தெரியாது. இன்று எச்பிஎல்சி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற வேதிப் பகுப்பாய்வுக் கருவிகள் அந்த வேலையைத் துல்லியமாகச் செய்கின்றன.

எலிக்கு ஒரு பெருமை உண்டு. கருவி, தேடச் சொன்ன விஷத்தைத்தான் தேடும். 1987-ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பியைத் தின்று நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். மூவர் இறந்தார்கள், சிலருக்கு நினைவே தப்பியது. அந்தச் சாற்றை ஏற்றிய எலிகள் வழக்கம்போல மூச்சடைத்துச் சாகாமல், பின்னங்காலால் தோளைப் பிறாண்டிக்கொண்டன. இது வேறு விஷம் என்று அங்கேதான் பொறி தட்டியது. தேடிப் பிடித்ததில் டோமோயிக் அமிலம்; ஜப்பானில் குடற்புழுவுக்குக் கொடுத்த கடற்பாசியில் ஏற்கெனவே கண்டறியப்பட்ட அதே பொருள்.

விஷம் எல்லை தாண்டியதால் சிப்பி எடுக்கத் தடைபோட்டு மூடிய இடத்தை எப்போது திறப்பார்கள்? சுத்திகரிப்புத் தொட்டியில் போட்டு விற்கலாமா? – வாசகர், காசிமேடு

ஐரோப்பிய விதிப்படி, குறைந்தது 48 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகள் அடுத்தடுத்து எல்லைக்குக் கீழே வர வேண்டும். ஒரு நல்ல முடிவை நம்பித் திறப்பதில்லை. சிப்பி சில வாரங்களில் தேறிவிடும். வட அமெரிக்க மேற்குக் கரையின் வெண்ணெய் மட்டி இரண்டு வருஷம்வரைகூட விஷத்தை வைத்திருக்கும்.

தொட்டியில் ஒன்றிரண்டு நாள் போட்டால் பாக்டீரியா குறையும். பாசி விஷம் அப்படியே இருக்கும்.