ஒரே தெருவில் இரண்டு சங்கம் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

கோவையில் முதுகலை படிக்கிறேன். இடதுசாரி மாணவர் அமைப்பு ஒன்றில் மூன்று வருடமாக இருக்கிறேன். என்னை அரிக்கும் கேள்வியை உங்களிடம் கேட்கிறேன். 1964-இல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்ததற்கான காரணங்களில் இன்று எதுவும் மிச்சமில்லை. பிறகு ஏன் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் இன்னும் தனித்தனியாக நிற்கின்றன? ஒன்றானால் மக்கள் திரும்பி வருவார்களா? கூட்டணியில் நாலைந்து இடம் கேட்டு நிற்பதை விட்டுத் தனித்து நின்றால் என்ன? வலதுசாரிகள்போல் சமூக வலைத்தளத்தில் முழுமூச்சாக இறங்கினால் இளைஞர்களைப் பிடிக்க முடியாதா? இரண்டு கட்சிகளின் வேலைத்திட்டங்களையும் இணைத்துப் பன்னிரண்டு பக்க வரைவு ஒன்று எழுதி இத்துடன் அனுப்புகிறேன். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகன், கோவை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஊரில் இருந்தேன். அம்மாவின் தகரப் பெட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது அடியில் ஒரு மனுவின் கார்பன் நகல் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். இல்லையென்றால் இத்தனை சீக்கிரம் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

பன்னிரண்டு பக்கத்தையும் படித்தேன். உழைத்திருக்கிறீர்கள். இந்திய கம்யூனிஸ்ட் கட்சி சொல்லும் தேசிய ஜனநாயகப் புரட்சிக்கும் மார்க்சிஸ்ட் கட்சி சொல்லும் மக்கள் ஜனநாயகப் புரட்சிக்கும் இடையே பாலம் போட இந்த வயதில் ஒருவர் ராத்திரி கண்விழித்திருக்கிறார் என்பதே எனக்கு நெஞ்சை நிறைக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வாக்காளரின் முகம்கூட இல்லை. ஒரு தெருப் பெயர் இல்லை. ஒரு கூலித் தொகை இல்லை. 'வெகுமக்கள்' என்று எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வெகுமக்களில் ஒருவர் உங்கள் விடுதிக்குக் காலையில் பால் போடுகிறார். அவருக்கு மாதம் என்ன கிடைக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

சமூக வலைத்தளம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். செய்யுங்கள், தப்பில்லை. அதற்குமேல் அதில் பேச ஒன்றும் இல்லை. கூட்டணியும் அப்படித்தான். 2016-இல் இரண்டு கட்சிகளும் பெரிய கட்சிகளை விட்டு வேறு அணி கண்டு, சட்டமன்றத்தில் ஒரு இடம்கூட இல்லாமல் நின்றன. 2021-இல் பெரிய கட்சியோடு சேர்ந்து ஆளுக்கு இரண்டு இடம் வென்றன. கையில் எத்தனை ஊர் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் எத்தனை இடம் கேட்கலாம் என்பதும், தனித்து நிற்கலாமா என்பதும். ஊரே கையில் இல்லாதபோது இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அப்பா குத்தகை விவசாயி, இந்திய கம்யூனிஸ்ட் கட்சி. ஊர் வழக்கில் சொன்னால் 'வலது'. அம்மாவின் தம்பி, என் மாமா, மார்க்சிஸ்ட் கட்சி, 'இடது'. எங்கள் தெரு முனையில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது, சங்கக் கொட்டகை. கட்சி உடைந்த பிறகு அதற்கு எதிரே இன்னொரு கொட்டகை வந்தது. ஒன்றில் அப்பா கட்சியின் பத்திரிகை ஜனசக்தி வரும், மற்றதில் மாமா கட்சியின் தீக்கதிர் வரும். நடுவில் பத்தடி மண்பாதை. அந்தப் பத்தடியை அப்பாவும் மாமாவும் வருடக்கணக்கில் தாண்டவில்லை.

பிளவுக்கு முன்பு அந்த ஒற்றைக் கொட்டகை என்ன செய்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தென்கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் தஞ்சைச் சேரிகளில் தங்கி, அங்கேயே கஞ்சி குடித்து, பண்ணையாட்களைச் சங்கமாக்கினார். சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்த காலம் அது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்தச் சங்கம் இருந்தது. அப்பாயி சொல்வாள், 'அவரு வந்தப்புறந்தான் நாங்க தோள்ல துண்டு போட்டவனப் பாத்தோம்' என்று. அவளுக்குக் கட்சி என்றால் கதிர் அரிவாள் சின்னம்தான். முதல் பொதுத் தேர்தலில் அந்தச் சின்னம் ஒட்டிய பெட்டியில்தான் சீட்டைப் போட்டாள். உடைந்த பிறகு மாமாவின் கட்சிக்குச் சுத்தியல் அரிவாள் நட்சத்திரம் வந்தது. தன் வீட்டுப் பிள்ளையே அதற்கு ஓட்டுக் கேட்டு வந்து நின்றபோது, 'இதுல கதிரு எங்கடா?' என்று கேட்டாள். மாமா பதில் சொல்லாமல் போனார். சாகிறவரை அவள் சீட்டில் கதிரைத்தான் தேடினாள். கதிர் இல்லாத தேர்தல்களில் யாருக்குக் குத்தினாளோ, யாரிடமும் சொன்னதில்லை.

1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்தார்கள். அதற்கு முன்னால் அங்கே நடந்த சண்டை எதற்காக? அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக, கட்டிய சங்கத்தைக் கலைக்க மறுத்ததற்காக. உலகத்தையே மாற்றுகிற கட்சி எங்கள் பக்கத்தில் அரைப்படி நெல்லில்தான் வேர் விட்டது. இதை உங்கள் வரைவின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

சரி, மனுவுக்கு வருகிறேன். மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கும் சட்டம் 1971-இல் வந்தது. எங்கள் தெருவில் முப்பது சொச்சம் குடிசை. அப்பா தன் சங்கத்தின் பெயரில் பதினாறு பேருக்கு மனு எழுதிக் கொடுத்தார். மாமா தன் சங்கத்தின் பெயரில் மீதிப் பேருக்குக் கொடுத்தார். தெரு ஒன்று, சட்டம் ஒன்று, மிராசுதாரும் ஒரே ஆள். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா இரண்டு கட்டையும் மேசையில் வைத்துக்கொண்டு, 'முதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு வாங்க' என்றார். அவ்வளவுதான். நாலு வருடம் அந்தக் கட்டுகள் அசையவில்லை. மிராசுதாரின் காரியக்காரர் தெருவுக்குள் வந்து 'உங்க சங்கத்துக்காரனுங்களே ஒண்ணா இல்ல, பட்டா எங்கேர்ந்து வரும்' என்று சொல்லிவிட்டுப் போனதை அம்மா கடைசிவரை மறக்கவில்லை.

இதற்கிடையில் நெருக்கடி நிலை. அப்பாவின் கட்சி அதை ஆதரித்தது. மாமாவின் கட்சி எதிர்த்தது. 1976 ஜனவரி 31-இல் இங்கே ஆட்சி கலைக்கப்பட்டதும் கைதுகள் ஆரம்பித்தன, மாமா தலைமறைவானார். அந்த ஒரு வருடம் அம்மா கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்லை. அடுப்பு ஓரத்தில் ஒரு சட்டி பழைய சோறு மூடி இருக்கும். காலையில் சில நாள் சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கும். அப்பா அதைப் பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். தன் கட்சியின் நிலைப்பாட்டை வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நியாயப்படுத்திய மனிதர் அவர்.

எல்லாம் முடிந்து மாமா ஊர் திரும்பிய பிறகு அம்மா ஒரு வேலை செய்தாள். இரண்டு கொட்டகையிலிருந்தும் பழைய மனுக்களின் நகல்களை வாங்கி வந்தாள். எழுதத் தெரியாதவள். அப்பா முன்னால் அவற்றைப் போட்டு, 'முப்பத்து நாலு பேரையும் ஒரே தாள்ல எழுதுங்க. எந்தச் சங்கப் பேரும் போடாதீங்க, தெருப் பேரப் போடுங்க' என்றாள். அப்பா எழுதினார். கார்பன் வைத்து, பேனாவை அழுத்தி, நாலு பக்கம். மாமா வீடு வீடாகப் போய்க் கைநாட்டு வாங்கி வந்தார். கடைசிப் பக்கத்தில் சாட்சி என்று இரண்டு பேர் கையெழுத்தும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கிறது. அந்த நகல்தான் என்னிடம் இருப்பது. நீல மை மங்கிவிட்டது, கட்டை விரல் ரேகைகள் மட்டும் பளிச்சென்று தெரிகின்றன. அடுத்த மாசியில் முப்பத்தொரு பேருக்குப் பட்டா வந்தது.

தம்பி, நீங்கள் மேலிருந்து இணைக்கப் பார்க்கிறீர்கள். அறுபது வருடமாக எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். கட்சி எப்போது பிறந்தது என்பதிலேயே இரண்டு பேருக்கும் உடன்பாடு இல்லை. மார்க்சிஸ்ட் கட்சிக்கு 1920 தாஷ்கண்ட், இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 1925 கான்பூர், நம் சிங்காரவேலர் தலைமை தாங்கிய மாநாடு. நூற்றாண்டு விழாவைக்கூடச் சேர்ந்து கொண்டாட முடியவில்லை. 1964-இல் தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறி மார்க்சிஸ்ட் கட்சியைத் தொடங்கிய 32 பேரில் நம் சங்கரய்யா 2023 நவம்பரில் போனார். கடைசியாக இருந்த கேரளத்து அச்சுதானந்தன் 2025 ஜூலையில் போனார். சண்டை போட்டவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். சண்டை மட்டும் சொத்துப்போலக் கைமாறிக்கொண்டிருக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அழுகையும் வருகிறது.

ஆனால் ஒற்றுமை வந்தால் ஓட்டு வந்துவிடும் என்று நீங்கள் நம்புவதை நான் ஏற்க மாட்டேன். கேரளத்தைப் பாருங்கள். 1965-இல் இரண்டு கட்சிகளும் மோதிக்கொண்டன, யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 1967-இல் சேர்ந்தார்கள், மார்க்சிஸ்ட் கட்சியின் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு மறுபடி முதல்வரானார். இரண்டே வருடத்தில் அதுவும் முறிந்தது. 1980-க்குப் பிறகுதான் சேர்க்கை நிலைத்தது. கட்சிகள் இணையவில்லை, முன்னணியாக நின்றார்கள், அது போதுமாக இருந்தது. இப்போது வங்கத்தைப் பாருங்கள். அங்கே முன்னணிக்குள் ஒற்றுமைக்குக் குறைவே இல்லை. 1977 முதல் 34 வருடம் மார்க்சிஸ்ட் தலைமையில் இடது முன்னணி ஆண்டது, இந்திய கம்யூனிஸ்ட் கட்சியும் பின்னர் அதில் சேர்ந்தது. 2006-இல் 294-இல் 235 இடம். அடுத்த வருடமே நந்திகிராமில் நிலம் கொடுக்க மாட்டோம் என்ற விவசாயிகள்மீது போலீஸ் சுட்டு 14 பேர் செத்தார்கள். 2021-இல் ஒரு இடம்கூட இல்லை. நில உச்சவரம்புக்கு மேல் இருந்ததைப் பிரித்துக் கொடுத்து, குத்தகைதாரரின் பெயரைப் பதிவு செய்து வளர்ந்த கட்சி அது. அதே விவசாயிக்கு எதிரே நின்றது. கட்சிகளுக்குள் ஒற்றுமை இருந்தது. தெருவோடு இருந்த உறவு முறிந்திருந்தது.

2004-இல் நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் 59 பேர். அவர்கள் வெளியிலிருந்து தாங்கிய ஆட்சியில்தான் 2005-இல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தது. எங்கள் ஊரில் அந்த வேலைக்குப் போன பெண்களிடம் அதைக் கொண்டுவர யார் நெருக்கினார்கள் என்று கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. அவர்கள்மேல் தப்பில்லை. கூலி மூன்று மாதம் பாக்கி இருந்தபோது அவர்களோடு பிடிஓ ஆபீசுக்கு நடந்து வந்தவர் யாரோ, அவர் கட்சிதான் அவர்களுக்குத் தெரியும். 2024-இல் நாடாளுமன்றத்தில் மார்க்சிஸ்ட் நான்கு, இந்திய கம்யூனிஸ்ட் இரண்டு, பீகாரில் எம்எல் லிபரேஷன் என்ற இன்னொரு கம்யூனிஸ்ட் கட்சி இரண்டு, மொத்தம் எட்டு. அதில் பாதி தமிழ்நாடு. இன்னும் நமக்கு ஏதோ மிச்சம் இருக்கிறது. அதைத்தான் உங்களிடம் கெஞ்சிச் சொல்கிறேன்.

ஊரில் இப்போது அறுவடை மெஷின்தான் வருகிறது. கொட்டகை இரண்டும் இல்லை. ஒன்றின் இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை. அங்கே கதிர் அறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒப்பந்த வேலையில் இருக்கிறார்கள், உங்கள் கோவையில் பைக்கில் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். சங்கம் அவர்களுக்கு வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம், வேலை நேரம் எல்லாவற்றோடும் அவர்கள் கேட்டது, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்று. அடுத்த ஜனவரியில் சங்கம் பதிவானது. அரைப்படி நெல் கேட்டவர்களின் குரல்தான் அது.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்காமலே சொல்கிறேன். உங்கள் அமைப்பு இருக்கிறது, எதிர் அமைப்பு இருக்கிறது. அந்தப் பிள்ளைகளோடு வேலைத்திட்டம் பேசாதீர்கள், ஆறு மாதத்துக்காவது. உங்கள் விடுதியைச் சுற்றி நாலு தெரு. சாப்பாடு கொண்டுவரும் பையன்களுக்கு விபத்து நடந்தால் செலவு யார் தருகிறார்கள், துப்புரவு செய்யும் அம்மாக்களுக்குப் பி.எஃப். பிடிக்கிறார்களா, பிடித்தால் கட்டுகிறார்களா, ரேஷன் கார்டில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது, இதையெல்லாம் நீங்களும் அவர்களும் சேர்ந்து கேட்டு எழுதுங்கள். ஒரே மனு எழுதுங்கள். இரண்டு அமைப்பின் பெயரும் வேண்டாம், தெருவின் பெயரைப் போடுங்கள். யார் தலைப்பில் போடுவது என்று உங்களுக்குள் சண்டை வரும். அப்போது என் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

வரைவைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த கடிதத்தில் அந்த நாலு தெருவைப் பற்றி மட்டும் எழுதுங்கள். பால்காரருக்கு மாதம் என்ன கிடைக்கிறது என்பதையும்.

அன்புடன்,
அக்கா