கொடுத்த சீட்டு, ஜெயித்த சீட்டு

கேள்வி: பாகிஸ்தானில் மகேஷ் குமார் மலானி என்ற இந்து எம்.பி., பொதுத் தொகுதியில் நின்று ஜெயித்தவர் என்று சிலர் மெச்சுகிறார்கள். அங்கேதான் சிறுபான்மையினருக்கு இட ஒதுக்கீடு இருக்கிறதே, கட்சி பார்த்துக் கொடுத்த சீட்டுதானே? அப்படியே நின்று ஜெயித்திருந்தாலும், இந்துக்கள் நிறைய இருக்கிற ஊரில் ஓர் இந்து ஜெயிப்பது பெரிய விஷயமா?

பதில்: இரண்டு வேறு வேறு சீட்டுகளைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களை மட்டும் சொல்லவில்லை, இந்தக் குழப்பம் பலருக்கும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

மலானி இரண்டு வழியாகவும் சபைக்குள் போனவர். 2002 தேர்தலுக்குப் பிறகு அமைந்த தேசிய சபையில் (நாடாளுமன்றத்தின் கீழவை) அவர் உட்கார்ந்தது ஒதுக்கீட்டு இடத்தில். அப்போது நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். 2013-ல் சிந்து மாகாண சபைக்குப் பொதுத் தொகுதியில் நின்று ஜெயித்தார். 2018-ல் அதே சிந்துவில், தார் பாலைவனப் பகுதியான தார்பார்க்கர் மாவட்டத்தின் என்.ஏ.222 தொகுதியில் நின்று தேசிய சபைக்குப் போனார். 2024-ல் அதே மாவட்டத்தில் என்.ஏ.215, மறுபடியும் வெற்றி. கடைசி மூன்றும் வீதியில் இறங்கி ஓட்டுக் கேட்டு வாங்கியவை.

ஒதுக்கீட்டு இடம் எப்படி வருகிறது தெரியுமா? தேசிய சபையில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 10 இடம். கட்சிகள் முன்கூட்டியே பெயர்ப் பட்டியல் கொடுத்துவிட வேண்டும். பொதுத் தொகுதிகளில் எந்தக் கட்சி எத்தனை இடம் பிடிக்கிறதோ அந்த விகிதத்தில் பட்டியலின் மேலிருந்து ஆளை எடுத்துக்கொள்வார்கள். இந்த உறுப்பினருக்கு என்று ஒருவர்கூட ஓட்டுப் போடுவதில்லை, அவருக்குத் தொகுதியும் கிடையாது. பட்டியலில் பெயரை மேலே போட்ட தலைவருக்கு மட்டும் அவர் கடமைப்பட்டவர். 2024 தேர்தலுக்குப் பிறகு பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் உரிய இந்த இடங்கள் எந்தக் கட்சிக்குச் சேரும் என்று வழக்கு நடந்தது. உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் ஒரு மாதிரி சொன்னது, 2025 ஜூனில் அதையே மாற்றிச் சொன்னது. உறுப்பினர்கள் அங்கும் இங்குமாக மாறினார்கள், ஆனால் 'என் ஓட்டு என்ன ஆச்சு' என்று கேட்க ஒரு வாக்காளரும் இல்லை. இன்னொன்று, அந்த 10 என்ற எண் 1985-லிருந்து அப்படியே நிற்கிறது. அன்றைக்குப் பொதுத் தொகுதிகள் 207, 2002-ல் 272 ஆக்கினார்கள். பத்து பத்தாகவே இருந்தது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இதற்கு முன்னால் இருந்ததுதான் எனக்கு நெஞ்சு பொறுக்காத விஷயம். ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் 1985-ல் தனி வாக்காளர் முறையைக் கொண்டுவந்தார். முஸ்லிம் அல்லாதவர் தன் மதத்து வேட்பாளருக்கு மட்டும்தான் ஓட்டுப் போடலாம். இந்துக்களுக்கு 4 இடம், கிறிஸ்தவர்களுக்கு 4, மற்றவர்களுக்கு மிச்சம். தேசிய சபையைப் பொறுத்தவரை இந்த இடங்களுக்கு முழு நாடும் ஒரே தொகுதி! தார் பாலைவனத்தில் கூரை வேய்ந்த வட்டக் குடிசையில் இருக்கும் ஒரு பீல் பழங்குடி இந்துக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கிணறு வற்றிவிட்டது, யாரிடம் போய்ச் சொல்வது? அந்தப் பகுதி எம்.பி.க்கு இவர்கள் ஓட்டுப் போடவே முடியாது என்பதால் அவர் அந்தக் குடிசைப் பக்கம் எட்டிப் பார்க்க அவசியமே இல்லை, இவர்கள் ஓட்டுப் போட்ட இந்து எம்.பி.யோ நாடு முழுக்கப் பரந்த தொகுதிக்காரர், அவருக்கு இந்த ஊர் பெயர்கூடத் தெரிந்திருக்காது. 1985, 88, 90, 93, 97 என்று ஐந்து தேர்தல் இப்படியே போயிற்று. பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்பவனை ஓட்டுப் பெட்டிக்கு மட்டும் அந்நியன் ஆக்கிய ஏற்பாடு அது.

2002-ல் முஷாரஃப் ஆட்சியில் அதை எடுத்தார்கள். (சட்டம் முஸ்லிம் என்று ஏற்காத அகமதியா பிரிவினரை மட்டும் இன்றுவரை தனிப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள், அந்த அநியாயம் தனிக்கதை.) அதன்பின் ஓர் இந்து தேசிய சபையின் பொதுத் தொகுதி ஒன்றில் ஜெயிக்க 16 வருடம் ஆனது. அந்த முதல் ஆள்தான் மலானி. 2018 ஜூலையில் அவருக்கு 1,06,000-க்கும் மேல் ஓட்டு, எதிர்த்து நின்ற, மக்கள் கட்சிக்கு எதிரான ஜி.டி.ஏ. கூட்டணியின் அர்பாப் ஜகாவுல்லாவுக்கு 87,000 சொச்சம். அர்பாப் குடும்பம் என்றால் தாரில் சாதாரணம் இல்லை. அந்தக் குடும்பத்து அர்பாப் குலாம் ரஹீம் சிந்து முதலமைச்சராகவே இருந்தவர். 2024-ல் மலானி தோற்கடித்தது அவரைத்தான்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. தார்பார்க்கரில் இந்துக்கள் நாற்பது சதவீதத்துக்கு மேல், மாவட்டத் தலைநகரான மிட்டியில் அவர்களே அதிகம், உண்மைதான். ஆனால் மாவட்டத்தில் பாதிக்கு மேல் முஸ்லிம்கள். தலைக்கணக்கு மட்டும் போதும் என்றால் பக்கத்து உமர்கோட்டைப் பாருங்கள், அங்கே மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் இந்துக்கள். 2018-ல் அங்கே தேசிய சபைக்கு ஜெயித்தவர் நவாப் யூசுப் தல்பூர். ஆக, மதத்தை எண்ணிப் பார்த்து முடிவைச் சொல்லிவிட முடியாது. அதே தேர்தலில் பெண்கள் ஓட்டுப் பதிவில் நாட்டிலேயே முன்னால் நின்றவை தார்பார்க்கரின் இரண்டு தொகுதிகள். அந்த ஜூலை வெயிலில் மணலில் நடந்து வந்து, தேசிய சபைக்குப் பச்சை ஓட்டுச் சீட்டு, மாகாண சபைக்கு வெள்ளை ஓட்டுச் சீட்டு என்று வாங்கி, திரைக்குப் பின்னால் போய் முத்திரை குத்திய பெண்கள். ஒரே வரிசை, ஒரே சீட்டு, எல்லா மதத்துக்கும். 1985 முதல் 1997 வரை இது கிடையாது.

அதற்காக மலானியைத் தனி ஒருவராக மலையைப் புரட்டியவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் பாகிஸ்தான் மக்கள் கட்சிக்காரர், சின்னம் அம்பு, 2008-லிருந்து சிந்துவை ஆள்வது அந்தக் கட்சி. பாதி ஓட்டாவது அம்புக்கு விழுந்ததாகத்தான் இருக்கும். என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. தார் இந்துக்களில் பெரும்பகுதி கோலி, பீல், மேக்வார் என்ற ஒடுக்கப்பட்ட சமூகத்து மக்கள். டிக்கெட் போவது பெரும்பாலும் வசதியான மேல்சாதிக்காரர்களுக்கு. மலானியும் பிராமணர்தான். அதே 2018 மார்ச்சில் நகர்பார்க்கரைச் சேர்ந்த கிருஷ்ண குமாரி கோலியை மக்கள் கட்சி நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு அனுப்பியது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் வயதில், குடும்பத்தோடு ஒரு நிலக்கிழாரின் தனிச் சிறையில் கொத்தடிமையாகக் கிடந்து, பிறகு படித்து சமூகவியலில் முதுகலை முடித்தவர். அவர் சமூகத்துப் பாரம்பரிய உடையில் போய்ப் பதவி ஏற்றதைப் பார்த்து நான் நெகிழ்ந்துபோனேன். ஆனால் செனட்டரைத் தேர்ந்தெடுப்பது மாகாண சபை உறுப்பினர்கள். அதாவது அதுவும் கட்சி கொடுத்த சீட்டுதான், ஜனங்களிடம் கேட்டு வாங்கியது இல்லை.

ஆகவே அடுத்த முறை 'கொடுத்த சீட்டுதானே' என்று கேட்கத் தோன்றினால், மலானியை விட்டுவிட்டு கட்சிகளைப் பார்த்துக் கேளுங்கள். 2018-ல் அதே தார்பார்க்கரில் சுனிதா பர்மார் என்ற மேக்வார் பெண், மாகாண சபையின் பி.எஸ்.56 பொதுத் தொகுதியில் நின்றார். குடிநீர், ஆஸ்பத்திரி, பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், இதைத்தான் சொல்லி ஓட்டுக் கேட்டார். கட்சி எதுவும் இல்லாமல், சுயேச்சையாக. தோற்றுப்போனார்.