பழைய லேப்டாப்பும் பில் தராத கடையும்: கேள்வி-பதில்

கேள்வி: 2014-இல் வாங்கிய லேப்டாப். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ராம் கூட்டினால் போதுமா? (குடியாத்தம்)

பதில்: முதலில் டிஸ்க்கை மாற்றுங்கள். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க் வரிசையாகப் படித்தாலே நொடிக்கு 100 எம்பி சுமார்தான், கணினி எழும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை அங்கங்கே தேடிப் படிக்க வேண்டியிருப்பதால் அதுவும் ஒன்றிரண்டு எம்பிக்கு இறங்கிவிடும். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்; சாட்டா என்பது பழைய டிஸ்க்குக்கும் இருக்கும் அதே இணைப்பு வகை) நொடிக்கு 500 எம்பியைத் தொடும், பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். அப்புறம் ராமை 8 ஜிபி ஆக்குங்கள். ஒன்று கவனம்: 2014 மாடல்களில் பலவற்றுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் ராம்தான் வேண்டும். 'எல்' இல்லாத 1.5 வோல்ட் ராமும் அதே ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் பல லேப்டாப்கள் அதோடு எழாது. பழைய ராமைக் கழற்றி, ஸ்டிக்கரில் பிசி3எல் என்று இருக்கிறதா என்று பார்த்து, அதையே கடைக்குக் கையில் எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 8 ஜிபி டிடிஆர்4 ராம் ஆஃபரில் வாங்கினேன். என் பழைய லேப்டாப் ஸ்லாட்டில் நுழையவில்லை. கொஞ்சம் அழுத்திப் பார்க்கலாமா? (ஆற்காடு)

பதில்: அழுத்தாதீர்கள், ஸ்லாட் உடையும். உங்கள் பழைய லேப்டாப்பில் இருப்பது டிடிஆர்3 ஆகத்தான் இருக்கும். டிடிஆர்3 ராமுக்கு 204 பின் (அடியில் இருக்கும் தொடுமுனைகள்), டிடிஆர்4-க்கு 260, நடுவில் இருக்கும் வெட்டும் வேறு இடத்தில். ஆஃபரைப் பார்த்த கண் லேப்டாப்பையும் ஒரு முறை பார்த்திருக்க வேண்டாமா? உடனே ரிட்டர்ன் போடுங்கள்.

கேள்வி: எம்.2 ஸ்லாட் இருக்கிறது என்று என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன். லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. பழுதா? (காட்பாடி, கல்லூரி மாணவி)

பதில்: பெரும்பாலும் பழுது இல்லை அம்மா. எம்.2 என்பது ஸ்லாட்டின் வடிவத்தைத்தான் சொல்கிறது, சாட்டாவும் என்விஎம்இ-யும் அதில் தகவல் போகும் இரண்டு வேறு முறைகள். சில பழைய லேப்டாப்களில் அந்த ஸ்லாட் சாட்டா வகை எஸ்எஸ்டியை மட்டும்தான் எடுக்கும். எனக்கும் இதே நடந்தது. கடைக்காரர் "எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்றார், நம்பி வாங்கினேன், சீல் உடைத்ததால் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். அந்த எஸ்எஸ்டி இரண்டு வருடம் என் மேஜையில் சும்மா கிடந்தது. உங்கள் மாடல் பெயரைப் போட்டு, தயாரிப்பாளர் தளத்தில் சர்வீஸ் மேனுவலை எடுத்துப் பாருங்கள். சாட்டா மட்டும்தான் என்றால் இன்றைக்கே கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: கடையில் 512 ஜிபி எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தார்கள். பில் கேட்டதற்கு "பில் வேணும்னா 18% ஜிஎஸ்டி தனியா ஆகும்" என்றார்கள், விட்டுவிட்டேன். இருபதாம் நாள் டிஸ்க் செத்துவிட்டது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற போர்டைக் காட்டுகிறார்கள். (பேரணாம்பட்டு)

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. ஊருக்கு ஊர் இந்த போர்டைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரம் வருகிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவைப் படியுங்கள்: விற்ற பொருளுக்கு பில் தராததே நேர்மையற்ற வணிக முறை. பழுதான பொருளைத் திரும்ப எடுக்காமல் பணத்தைத் தர மறுப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. பில்லில் திரும்ப எடுப்பதற்குக் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். உங்களுக்கு இருபதாம் நாள்தான், போர்டு சட்டத்துக்கு மேலே ஆகாது. அந்த "தனியா 18%" பேச்சும் ஏமாற்று. டப்பாவில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை, அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கக் கூடாது. பில் இல்லையே என்று சோராதீர்கள். ஜிபே-யில் பணம் போன விவரம், கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப், டிஸ்க்கின் மேல் இருக்கும் சீரியல் நம்பர் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். கடைக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள், மறுத்தால் பதிவுத் தபால். நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: 2 டிபி எஸ்எஸ்டி 1,200 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா? (ராணிப்பேட்டை)

பதில்: வேண்டாம். உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து 2 டிபி என்று காட்டுவார்கள், நிரம்பியதும் பழைய கோப்புகள் அழியும்.

கேள்வி: எஸ்எஸ்டி மாற்றியதும் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிடலாமா? (வாலாஜாபேட்டை)

பதில்: கூடவே கூடாது. உங்கள் ஆதார் நகலும் வீட்டுப் படங்களும் அதில்தான் இருக்கின்றன. கேட்டு வாங்கி, ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.